தோம்பைத் திறக்கும் கைக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

('தோட்டத்து விபத்துகளுக்குப் பெரிதும் காரணம் அலட்சியமா, அறியாமையா?' என்ற தலைப்பிலான தொலைக்காட்சிப் பேச்சரங்கில், 'அறியாமையே' என்ற அணியின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



எதிரணியினர் சுலபமான பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தோட்டத்தில் ஒரு விபத்து நடந்தால், "அவன் கவனமாக இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், கோப்பை மூடிவிடலாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அடிபட்டவனும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "ஆமாம், என் தப்புத்தான்" என்று தலையை ஆட்டிவிடுவான். அந்தத் தலையாட்டலைத்தான் இங்கே சாட்சியாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

இந்த அணி ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பதில் சொல்ல விரும்புகிறது. அழுத்தி அடைத்த வாயு. அதாவது கேஸ் தோம்பு, அதன் தலையில் இருக்கும் வால்வு, அதில் மாட்டும் ரெகுலேட்டர், அதிலிருந்து போகும் ரப்பர் குழாய். ஏன் இந்தப் பொருள்? இதில் அலட்சியக்காரனைவிட கவனமானவனே அதிகம் அகப்பட்டுக்கொள்கிறான். கவனம் இருந்தது, விஷயம் தெரியவில்லை. அதனால் கை போயிற்று. இதை நிரூபித்துவிட்டால் தலைப்புக்கு விடை கிடைத்துவிடும்.

நெற்றியில் ஒரு வால்வு

நெகிரி செம்பிலானில் லிங்கி, ரந்தாவ், லாபு, தம்பின், பகாவ் என்று எந்தப் பக்கம் போனாலும் அந்தக் காலத்தில் பால்மரக் காடுதான். விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு நின்று, நிரைக்குப் போய் மரம் வெட்டத் தொடங்க வேண்டும். இருட்டில் வெட்டுக்கோடு தெரிய வேண்டுமே? அதற்காக நெற்றியில் கட்டிக்கொண்டு போனதுதான் கார்பைட் விளக்கு.

அந்த விளக்குக்குள் என்ன இருந்தது? கீழ் அறையில் கார்பைட் கட்டி, மேல் அறையில் தண்ணீர், நடுவில் ஒரு சின்னத் திருகு. திருகைத் தளர்த்தினால் தண்ணீர் சொட்டும். சொட்டிய தண்ணீர் கார்பைட்டில் பட்டதும் அசிட்டிலின் வாயு கிளம்பும். அது சிறு துளை வழியே வந்து வெள்ளையாக எரியும். சொட்டு அதிகமானால் சுடர் சீறும், குறைந்தால் மங்கும். அப்படியானால் அந்தத் திருகு என்ன? ஒரு வால்வு. அந்த விளக்கு என்ன? நெற்றியில் வைத்த ஒரு வாயுத் தொழிற்சாலை.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்கள் அதைப் பல ஆண்டுகள் கையாண்டார்கள். எப்படி முடிந்தது? அம்மா மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். "எரிந்துகொண்டிருக்கும்போது அடிமூடியைத் திறக்காதே, அடுப்புப் பக்கத்தில் கார்பைட் டின்னை வைக்காதே, ஈரக் கையால் கட்டியை அள்ளாதே." அவ்வளவுதான் பாடம். பாடம் இருந்தது, அதனால் பயமில்லாமல் போனார்கள். பண்டிகை நாளில் அதே கார்பைட்டை மூங்கில் குழாயில் போட்டுப் பீரங்கி வெடித்த பையன்களுக்குப் பாடம் சொல்ல ஆள் இல்லை. விரல் போனது அங்கேதான். பொருள் ஒன்றுதான், விளக்கில் பாடம் இருந்தது, மூங்கிலில் இல்லை.

மரத்துக்கும் வாயு வந்தது

அடுத்த மாற்றம் மரத்துக்கே வந்தது. 1925-இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆய்வுக் கழகத்தில் 1960-களின் பிற்பகுதியில் ஆப்ரகாம், வைச்சர்லி, பாக்கியநாதன் ஆகிய ஆய்வாளர்கள் பால் ஒழுக்கைக் கூட்டும் மருந்துகளைப் பற்றி 1968-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் ஒன்றுதான் பின்னர் தோட்டங்களில் 'எத்ரல்' என்ற பெயரில் பூசப்பட்ட மருந்து. பட்டையில் பூசினால் அது உள்ளே போய்ச் சிதைந்து எத்திலின் என்ற வாயுவை விடும். வெட்டிய இடத்தில் பால் உறைந்து குழாய்வாய் அடைபடுவதை அந்த வாயு தாமதப்படுத்தும். அதனால் பால் நீண்ட நேரம் ஒழுகும்.

எத்திலின் தமிழனுக்குப் புதிதல்ல. வாழைத்தாரைக் குழியில் வைத்துப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைத்தார்களே, அந்தப் புகையில் இருந்த பழுக்க வைக்கும் சக்தி இதுதான். பழுக்கும் பழம் தானே இந்த வாயுவை வெளியிடுகிறது என்பதை 1934-இல் இங்கிலாந்தில் நிரூபித்தார்கள்.

1990-களில் ஆய்வுக் கழகம் இன்னொரு படி மேலே போனது. மருந்தைப் பூசி வாயு வரக் காத்திருப்பானேன், வாயுவையே நேராகக் கொடுத்தால் என்ன? அப்படிப் பிறந்தவைதான் ரிம்ஃப்ளோ, ரியாக்டோரிம் போன்ற முறைகள். பட்டையின் மேல் ஒரு சிறு பிளாஸ்டிக் கருவியைக் காற்றுப் போகாமல் பொருத்துவது, கலனிலிருந்து குழாய் வழியே அளவோடு எத்திலினை அதில் செலுத்துவது, நீண்ட வெட்டுக்குப் பதிலாகச் சிறிய வெட்டுப் போடுவது. தினம் வெட்ட வேண்டியதில்லை, சில நாள் இடைவெளி விட்டு வெட்டலாம். ஆள் பற்றாக்குறைக்கு அது ஒரு வழியாகப் பட்டது. வயதான மரங்களுக்குத்தான் இது பொருத்தம். ஆசைப்பட்டு அளவுக்கு மேல் ஏற்றினால் வெட்டுப்பட்டை வறண்டு மரம் பால் தராமல் போகும். மரத்துக்கே அளவு மீறினால் தண்டனை உண்டு.

இப்போது யோசித்துப் பாருங்கள். உளியும் மங்கும் வாளியும் மட்டுமே பிடித்துப் பழகிய கையில் அழுத்தவாயுக் கலன் கொடுக்கப்படுகிறது. எத்திலின் காற்றோடு 100-க்கு 3 பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். 36 பங்கு வரை கலந்தாலும் தீப்பிடிக்கும். சமையல் கேஸில் கசிவு தெரிவதற்காகவே நாற்றமடிக்கும் பொருள் சேர்த்திருக்கிறார்கள். எத்திலினுக்கு இருப்பது லேசான இனிப்பு வாசனை, அது யாரையும் பயமுறுத்தாது. பால்மரக் காட்டில் கொசு பிடுங்கும், அதற்காக இடுப்பில் கொசுவத்தியைக் கொளுத்தித் தொங்கவிட்டுக்கொள்வது பழைய வழக்கம். அந்தத் தணலோடு வாயுக் கலன் பக்கத்தில் நிற்கலாமா? கூடாது. கொசுவத்தி கட்டியவன் அலட்சியக்காரனா? இல்லை, உடம்பைப் பார்த்துக்கொள்கிறவன். அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை, அதுதான் குறை.

கவனமானவன் செய்யும் தவறுகள்

எதிரணி நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். இனிச் சொல்லப்போகும் ஒவ்வொரு தவறையும் செய்பவன் அக்கறை உள்ளவன்.

ஒன்று. வீட்டில் கேஸ் நாற்றம் அடிக்கிறது. குடும்பத்தலைவர் பதறிப்போய் ஓடிவந்து, நாற்றம் வெளியே போகட்டும் என்று மின்விசிறியைத் தட்டுகிறார். அக்கறைதானே? ஆனால் சுவிட்சில் எழும் சிறு பொறி போதும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படுத்துக் கிடக்கும். செய்ய வேண்டியது தோம்பின் வால்வை மூடி, கதவைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லாரையும் வெளியே அனுப்புவது.

இரண்டு. பட்டறையில் ஆக்சிஜன் தோம்பு. மரை இறுக்கமாக இருக்கிறது. பொறுப்பான பையன், இரும்புக்கு இரும்பு உராய்ந்து தேய்ந்துவிடக் கூடாது என்று ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறான். அலட்சியக்காரன் எண்ணெய் விட மாட்டான்! ஆனால் உயர் அழுத்த ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் நெருப்புக்குச்சி தேவையில்லை, தானே பற்றிக்கொள்ளும். எண்ணெய்க் கையோடு அந்த வால்வைத் தொடுவதும் தவறு.

மூன்று. ரெகுலேட்டரை மாட்டுகிறான், நட்டு ஏறவில்லை. இன்னும் பலமாகத் திருகுகிறான். எரியும் வாயுவுக்கு இடது மரை, எரியாத வாயுவுக்கு வலது மரை என்பது அவனுக்குத் தெரியாது. மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இப்படிச் செய்திருக்கிறார்கள். இடது மரை நட்டின் ஓரங்களில் ஒரு சிறு வெட்டு இருக்கும், அதுதான் அடையாளம். தெரிந்தவன் பார்த்ததும் நிறுத்துவான், தெரியாதவன் மரையை அழிப்பான். இன்னும் சாமர்த்தியசாலியாக இருந்தால் நடுவில் ஒரு இணைப்புத் துண்டைக் கடைந்து போட்டுவிடுவான். ஒரு வாயுவின் ரெகுலேட்டரை இன்னொரு வாயுவில் மாட்டுவதற்கு எந்த இணைப்புத் துண்டும் போடக்கூடாது.

நான்கு. கசிவு வராமல் இருக்கட்டும் என்று தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவதுபோல் வெள்ளை டேப்பைச் சுற்றுகிறான். தோம்பு வால்வில் கசிவை அடைப்பது மரை அல்ல, உலோக முகமும் உலோக முகமும் அழுந்துவதுதான். சிலவற்றில் தட்டையான ஒரு வாஷர் அடைக்கும். டேப்பின் துணுக்கு உள்ளே போய் ரெகுலேட்டரின் இருக்கையில் சிக்கினால் அழுத்தம் நிற்காமல் ஏறும்.

ஐந்து. இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி. வீட்டுத் தண்ணீர்க் குழாயை வலப்பக்கம் திருகினால் மூடும். தோம்பின் வால்வும் அப்படித்தான். ஆனால் அதன்மேல் மாட்டிய ரெகுலேட்டரின் திருகு நேர்மாறு. வலப்பக்கம் திருகினால் அழுத்தம் கூடும், இடப்பக்கம் தளர்த்தினால்தான் குறையும். "மூடிவிட்டே திறப்போம்" என்று நினைக்கும் ஜாக்கிரதையான மனிதர், ரெகுலேட்டர் திருகை வலப்பக்கம் இறுக்கிவிட்டுத் தோம்பைத் திறக்கிறார். முழு அழுத்தமும் குழாயில் பாய்கிறது. அவருடைய ஜாக்கிரதையே அவருக்கு எதிரியாகிவிட்டது.

இந்த ஐந்தில் அலட்சியம் எங்கே இருக்கிறது? எதிரணி காட்டட்டும்.

வாயு எவ்வளவு பலம் கொண்டது?

கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் அழுத்தம். லாரி டயரில் 7 அல்லது 8. பட்டறையில் நிற்கும் ஆக்சிஜன், நைட்ரஜன் தோம்புகளில் 150 பார், சிலவற்றில் 200. வீட்டு அடுப்புக்கு ரெகுலேட்டர் விடும் அழுத்தமோ காற்றழுத்தத்தில் 100-க்கு 3 பங்குதான். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற காவல்காரர்தான் ரெகுலேட்டர். அதற்குள் ஒரு சவ்வு, ஒரு சுருள்வில், ஒரு சிறு அடைப்பான். வெளியே அழுத்தம் குறைந்தால் வில் சவ்வைத் தள்ளி அடைப்பானைத் திறக்கும், அழுத்தம் போதியதானால் சவ்வு பின்வாங்கி அடைத்துக்கொள்ளும். இவ்வளவு எளிமையான ஏற்பாட்டைத் தோட்டத்து மனிதரால் புரிந்துகொள்ள முடியாது என்று சொல்ல முடியுமா? காண்பித்தால் கால் மணி நேரத்தில் புரிந்துகொள்வார்.

எல்லாத் தோம்பும் ஒரே மாதிரியும் அல்ல. சமையல் கேஸும் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே திரவமாக இருக்கும். அதனால் கடைசித் துளி திரவம் தீரும்வரை அழுத்தமானி இறங்காது. மீதி எவ்வளவு என்று அறிய எடை போட வேண்டும். ஆக்சிஜனும் நைட்ரஜனும் வாயுவாகவே இருக்கும், மானி இறங்கிக்கொண்டே வரும். கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரி வெப்பத்தைத் தாண்டினால் திரவமாக நிற்காது, அழுத்தம் சடசடவென ஏறும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தத் தோம்பை வைக்கக் கூடாது என்பது அதனால்தான். எத்திலினுக்கு இந்த எல்லை சுமார் 9 டிகிரியே, ஆகவே மலேசிய வெயிலில் அது திரவமாக இருக்கவே இருக்காது. அசிட்டிலின் கதையே வேறு. அதைத் தனியாக அழுத்தினால் தானே வெடிக்கும் என்பதால், அசிட்டோன் என்ற திரவத்தில் கரைத்து, நுண்துளைகள் நிறைந்த பொருளுக்குள் ஊற வைத்து அடைக்கிறார்கள். படுக்கப் போட்டுப் பயன்படுத்தினால் அசிட்டோன் வெளியே வரும். செம்புக் குழாயில் விட்டால் வெடிக்கும் உப்பு உண்டாகும்.

நிறத்தைப் பார்த்து வாயுவை அடையாளம் காணலாம் என்று நம்புவோரும் உண்டு. நிறம் நாட்டுக்கு நாடு மாறும். ஒரு நாட்டில் பச்சை ஆக்சிஜன், இன்னொரு நாட்டில் கறுப்பு உடலோ வெள்ளைத் தோளோ ஆக்சிஜன். ஒட்டியிருக்கும் சீட்டு ஒன்றே சாட்சி.

பிள்ளைகளின் பொழுதுபோக்கு

தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று செனவாங், நீலாய் தொழிற்பேட்டைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்கிறார்கள். ஓய்வு நேரத்தில் மோட்டார் சைக்கிளுக்குச் சாயம் அடிக்கிறார்கள், மீன் தொட்டிச் செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார்கள், காற்றழுத்தத்தில் கை அசைக்கும் இயந்திர மனிதனைச் செய்து பார்க்கிறார்கள். பாராட்ட வேண்டிய ஆர்வம். ஆனால் இங்கேயும் கவனமானவனுக்கு ஒரு குழி இருக்கிறது.

காற்றைச் சேமிக்க வெள்ளை பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை வாங்குகிறான். "10 பார் தாங்கும்" என்று அதில் அச்சடித்திருக்கிறது. அவன் 6 பார்தான் ஏற்றுகிறான். கணக்குப் போட்டுத்தானே செய்தான்? ஆனால் அந்த எண் தண்ணீருக்கு. தண்ணீர் அமுங்காது, குழாய் விரிசல் விட்டால் பீறிட்டு நின்றுவிடும். காற்று அமுங்கிய வில். உடைந்தால் பிளாஸ்டிக் துண்டுகள் கத்தியாகப் பறக்கும். காற்றுக்கென்று செய்த இரும்புத் தொட்டியே வேண்டும், பாதுகாப்பு வால்வோடு. அதன் அடியில் சேரும் தண்ணீரை வேலை முடிந்ததும் வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருந்து துரு தின்னும்.

இன்னொன்று. இந்த ஆர்வம் குண்டு பாய்ச்சும் கருவிப் பக்கம் திரும்பினால் அது விளையாட்டல்ல. மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கொள்கிறது. எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்?

தெரிந்தவருக்கும் விபத்து வந்ததே?

எதிரணி கடைசியாக ஒரு கேள்வியை ஒளித்து வைத்திருக்கும். "எல்லாம் தெரிந்தவருக்கும் விபத்து வருகிறதே, அதற்கென்ன சொல்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. அவர்களுக்கு உதவியாக இந்த அணியே ஒரு பெயரைத் தருகிறது.

சுவீடன் நாட்டுக் குஸ்தாவ் டாலேன். கலங்கரை விளக்குகளுக்கு அசிட்டிலின் வாயுவைத் தானாகக் கட்டுப்படுத்தும் வால்வுகளைக் கண்டுபிடித்ததற்காக 1912-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். அதே ஆண்டில் வாயுக் கலன்களைச் சோதித்தபோது நடந்த வெடிப்பில் இரண்டு கண்களையும் இழந்தார். பரிசு வாங்க அவருடைய சகோதரர்தான் போனார். உலகத்திலேயே வால்வைப் பற்றி அதிகம் தெரிந்தவருக்கே இந்தக் கதி.

இது எதிரணிக்குச் சாதகமா? இல்லை. தெரிந்தவரையே இந்தப் பொருள் விடவில்லை என்றால், தெரியாதவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இதைக் கொடுப்பது எவ்வளவு பெரிய துணிச்சல்! டாலேன் அபாயம் இன்னதென்று அறிந்து சோதனைக்குப் போனார். தோட்டத் தொழிலாளிக்கு அந்த அறிவே தரப்படவில்லை.

சட்டத்தின் வரிசை

1991 மே 7 அன்று சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து 1994-இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. விவசாயமும் அதற்குள் அடங்கும். அதன் 15-ஆவது பிரிவு முதலாளிக்குச் சொல்கிறது: தகவல் கொடு, கற்றுக்கொடு, பயிற்சி கொடு, மேற்பார்வை செய். 24-ஆவது பிரிவு தொழிலாளிக்குச் சொல்கிறது: கவனமாக நடந்துகொள்.

எதிரணி 24-ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இந்த அணி கேட்பது, 15-ஐத் தாண்டாமல் 24-க்கு எப்படிப் போனீர்கள்? சொல்லிக் கொடுத்த பிறகும் மீறினால் அவன்மேல் குற்றம் சாட்டுங்கள், இந்த அணியும் கூட வரும். பல ஆண்டு அனுபவம் தந்த மெத்தனத்தில் சோப்பு நீர் போடாமல் விடுபவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் நாளே சொல்லாத இடத்தில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

2013-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆபத்தான இரசாயனங்களின் சீட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கும், வங்காளதேசத்திலிருந்து வந்த இளைஞனுக்கும் அது வெறும் காகிதம். நல்லவேளை, சிவப்புக் கட்டம் போட்ட படங்கள் அதில் உண்டு. தீ என்றால் எரியும், தோம்புப் படம் என்றால் அழுத்தம். அந்தப் படங்களின் பொருளை ஒருவர் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் போதும். 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், உடனடி ஆபத்து இருக்கும் இடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்றும் இருக்கிறது. ஆனால் ஆபத்து என்று அறிந்தால்தானே விலகுவான்? அந்த உரிமையும் அறிவைக் கேட்டு நிற்கிறது.

பெரட்டில் அரை மணி நேரம்

கேட்பது பெரிய செலவல்ல. காலைப் பெரட்டில் ஒரு நாள் அரை மணி நேரம். ஒரு காலித் தோம்பை முன்னால் வைத்து, மண்டோரோ பட்டறைக்காரரோ தொழிலாளியின் மொழியில் செய்து காட்டட்டும்.

தோம்பை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டு. சீட்டைப் பார், படத்தைப் பார். வால்வு வாயில் தூசி, எண்ணெய் இல்லை என்று உறுதி செய். அந்த வாயுவுக்கென்றே உள்ள ரெகுலேட்டரை மட்டும் மாட்டு, டேப் சுற்றாதே. ரெகுலேட்டர் திருகை இடப்பக்கம் தளர்த்தி ஆடவிடு. மானிக்கு எதிரே நிற்காதே, பக்கவாட்டில் நில். தோம்பு வால்வை மெல்லத் திற; சட்டென்று திறந்தால் அழுந்தும் வாயு சூடேறும். பிறகு திருகை வலப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி வேண்டிய அழுத்தத்துக்குக் கொண்டு வா. ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீர் தடவு. குமிழி வந்தால் கசிவு, நெருப்புக்குச்சியால் சோதிக்காதே. கசிந்தால், அழுத்தம் உள்ளபோது நட்டை இறுக்காதே, மூடிவிட்டு இறுக்கு. வேலை முடிந்ததும் முதலில் தோம்பை மூடு, குழாயில் உள்ளதை வெளியேற்று, கடைசியில் திருகைத் தளர்த்து.

இதைச் செய்து காட்டுவதற்குப் பட்டம் தேவையில்லை. கார்பைட் விளக்கின் பாடத்தைச் சொல்லிக் கொடுத்த தாய்மாருக்கு எந்தப் பட்டம் இருந்தது?

நடுவர் அவர்களே, அலட்சியம் என்று தீர்ப்புச் சொன்னால் குற்றவாளி ஒருவன், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவன். தோட்டத்தில் எதுவும் மாறாது, அடுத்த வாரம் அதே தோம்பை இன்னொரு புதுக் கை திறக்கும். அறியாமை என்று தீர்ப்புச் சொன்னால் நாளைக் காலைப் பெரட்டில் யாரோ ஒருவர் முன்னால் வந்து நின்று பேசியாக வேண்டும். எந்தத் தீர்ப்பால் ஒரு கை பிழைக்கும் என்பதை எண்ணிப் பார்த்து முடிவு சொல்லுங்கள்.